தோட்டாவுக்குக் கணக்கு உண்டா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் வேட்டுச் சத்தம் கேட்டால் எவரும் திடுக்கிடுவதில்லை. வானம் பார்த்த பூமி இது. நீர்மட்டம் இறங்க இறங்க, பாறைக்கு வேட்டு வைத்துத்தான் கிணற்றை ஆழப்படுத்த வேண்டியிருக்கிறது. கல் குவாரிகளும் அதே வெடிமருந்தை நம்பியே நடக்கின்றன. பிழைப்புக்கு உதவும் இப்பொருள் தகாத கைக்குப் போனால் என்னவாகும் என்பதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் அடுத்தடுத்து வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பலி கொண்டன. அவற்றில் பயன்படுத்தப்பட்டவை ஜெலட்டின் குச்சிகள். கிணற்றடியில் நாம் ‘தோட்டா’ என்றழைக்கும் இனத்தைச் சேர்ந்தவை. பாறையைப் பிளக்க வேண்டிய பொருள் அப்பாவி மக்களின் உயிரைக் குடித்தது. சிலர் செய்த கொடுமைக்காக, அதில் தொடர்பே இல்லாத எத்தனையோ குடும்பங்கள் சந்தேகப் பார்வைக்கு ஆளாயின.

பயங்கரவாதத்தைத் தடுப்பது டெல்லியின் வேலை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், அதன் முதல் காவல் ஊர்ப்புறத்து வெடிமருந்துக் கிடங்கின் வாசலிலேயே தொடங்குகிறது. உரிமம் பெற்றவரே வெடிபொருளை வாங்க வேண்டும். வரவையும் செலவையும் ஏட்டில் பதிய வேண்டும். களவு போனால் உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இவற்றை வலியுறுத்துகின்றன. அம்மோனியம் நைட்ரேட்டுக்கெனத் தனி விதிகள் 2012இல் வந்தன.

இவ்வட்டாரத்துக் காரியாபட்டி அருகே 2024 மே 1 அன்று கல் குவாரியில் வெடிபொருள்கள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் மாண்டனர். விபத்தைத் தடுப்பதற்கும் சதியைத் தடுப்பதற்கும் வேண்டியவை பெரும்பாலும் ஒன்றே: பூட்டிய கிடங்கு, பயிற்சி பெற்ற ஆள், பிசகாத ஏடு.

ஆகவே, கிணறு வெட்டும் அன்பர்களே! உரிமமும் பயிற்சியும் உள்ளவர்களையே வேட்டு வைக்க அழையுங்கள். வந்த தோட்டா எத்தனை, வெடித்தது எத்தனை, மீதி எத்தனை எனக் கேளுங்கள். மிஞ்சியதை உங்கள் வீட்டுப் பரணிலோ வைக்கோற்படப்பிலோ வைத்துச் செல்ல எவருக்கும் இடம் கொடாதீர்கள். கூலி கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு.

கடைக்குப் போய் வந்த பிள்ளையிடம் பத்து ரூபாய் குறைந்தால் கணக்குக் கேட்கிறோம். ஒரு தோட்டா குறைந்தால் கேளாதிருப்பது எவ்வகையில் நியாயம்?