எண்ணப்படாத காயங்கள்

சாலை விபத்துகளில் மாண்டோரை எண்ணி வருந்துவதோடு கடமை முடிந்ததென அரசுகள் கருதிய காலம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2001ஆம் ஆண்டில் வேறு வழி கண்டது. 2010க்குள் சாலை உயிரிழப்பைப் பாதியாகக் குறைப்பதெனப் பொது இலக்கு வகுத்தது. பின்னர் வந்து சேர்ந்த நாடுகளும் அதனை ஏற்றன. எட்டியதோ 43 விழுக்காடு. இதனைத் தோல்வி என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பொது இலக்கு இருந்தமையாலன்றோ லாட்வியாவும் ஸ்பெயினும் பாதிக்கு மேல் குறைத்ததும், வேறு சில நாடுகள் பின்தங்கியதும் உலகறியத் தெரிந்தன! ஸ்பெயின் 2006இல் ஓட்டுநர் உரிமத்திற்குப் புள்ளி முறையைக் கொணர்ந்தது. விதியை மீறுந்தோறும் புள்ளி குறையும். முற்றும் தீர்ந்தால் உரிமம் பறிபோகும். அண்டை நாட்டோடு ஒப்பிடப்படும் நாணம் ஆள்வோரை அசைக்கவே செய்யும்.

ஆயினும் நம் உள்ளத்தை உறுத்துவது பிறிதொன்று. அவ்விலக்கில் மாண்டோர்க்கு இடமிருந்தது. கைகால் இழந்தும் தலையில் அடிபட்டும் வாழ்நாளெல்லாம் பிறர் துணையை நாடியிருப்போர்க்கு இடமில்லை. கடுங்காயம் எது என்னும் வரையறையே நாட்டுக்கு நாடு வேறுபட்டது. மருத்துவமனை ஏட்டில் இருந்த காயங்கள் பல, காவல்துறை ஏட்டில் ஏறவில்லை. கடுங்காயங்களையும் 2030க்குள் பாதியாக்குவதென அமைச்சர்கள் மால்ட்டாவின் வலெட்டா நகரில் உடன்பட்டது 2017இல்தான். பதினாறு ஆண்டுத் தாமதம்!

ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை 2020இல் ஏற்ற உலக இலக்கில் இறப்போடு காயமும் சேர்ந்துள்ளது. அதனைத் தத்தம் வட்டாரத்திற்கென வகுத்துக்கொள்ளும் நாடுகள், காவல்துறைக் கணக்கை மட்டும் நம்பாது மருத்துவமனை ஏடுகளையும் உடன்வைத்தே எண்ணத் தொடங்குதல் வேண்டும்.