அங்கே ‘அனுமதி’, இங்கே சிறை: தாய்லாந்துக் கஞ்சாவும் நம் இளைஞர்களும்

“தாய்லாந்தில் கஞ்சா சட்டப்படி அனுமதிதானே, அப்புறம் என்ன?” சுற்றுலா சென்று வரும் இளைஞர்கள் இப்படிக் கேட்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. 2023 நவம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் வந்து போகலாம் என்று தாய்லாந்து அறிவித்த பிறகு, புக்கெட், கிராபி, கோ சமுய் என்று தீவுகளையும் கடற்கரைகளையும் தேடிச் செல்லும் நம் ஊர்ப் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். புக்கெட் தீவின் பாத்தோங் கடற்கரைச் சாலையில் பச்சை இலைப் படம் போட்ட கடைகளைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பேச்சு இன்று உண்மையல்ல. உண்மையாகத் தோன்றிய நாட்களிலும் அது அரைகுறை உண்மைதான். அதை நம்பியவர்களில் சிலர் இன்று விமான நிலையத்திலிருந்து நேராகச் சிறைக்குப் போய்க்கொண்டிருப்பதால், இந்த விவகாரத்தை ஆதியோடு அந்தமாகப் பார்ப்பது நம் கடமையாகிறது.

சட்டம் வந்த வழியும் திரும்பிய வழியும்

தாய்லாந்து மருத்துவத்துக்காகக் கஞ்சாவை அனுமதிக்க முடிவெடுத்தது 2018 டிசம்பரில். தென்கிழக்கு ஆசியாவில் அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் பூம்ஜாய்தாய் கட்சி கஞ்சா சாகுபடியை விவசாயிகளின் வருமானத்துக்கு வழி என்று சொல்லி வாக்குக் கேட்டது. அக்கட்சியின் தலைவர் அனுதின் சார்ன்விரகுல் சுகாதார அமைச்சரானார். 2022 ஜூன் 9 அன்று கஞ்சாச் செடி போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கஞ்சா வழக்குகளில் சிறையிலிருந்த 3,000-க்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள். சிறு குற்றங்களுக்காக ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடிய ஏழைகள் வீடு திரும்பியதை நாம் குறை சொல்லவில்லை.

கோளாறு வேறிடத்தில் இருந்தது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்களே தவிர, யார் விற்கலாம், யாருக்கு விற்கலாம் என்று வரையறுக்கும் முழுமையான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றவில்லை. இடைவெளியைச் சந்தை நிரப்பியது. மருத்துவம் என்று தொடங்கியது, சில மாதங்களிலேயே கடற்கரைக் கேளிக்கையாக மாறியது. பிறகு அரசு அறிவிப்பு மேல் அறிவிப்பாக வெளியிட்டது. 20 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் விற்கக்கூடாது என்றது. இணைய விற்பனை கூடாது என்றது.

2025 ஜூனில் பூம்ஜாய்தாய் கட்சி ஆளும் கூட்டணியிலிருந்து விலகியது. சில நாட்களிலேயே அப்போதைய சுகாதார அமைச்சர் சோம்சக் தெப்சுதின் புதிய உத்தரவில் கையெழுத்திட்டார். ஜூன் 26 முதல், உரிமம் பெற்ற மருத்துவரோ பாரம்பரிய வைத்தியரோ எழுதித் தரும் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூவை விற்கக்கூடாது. ஒருவருக்கு 30 நாள் தேவைக்கு மேல் தரக்கூடாது. மீறும் கடைக்காரருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 பாட் வரை அபராதம். அந்த நேரத்தில் நாடு முழுவதும் சுமார் 18,000 கடைகள் இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் அனுதினே பிரதமரானார். ஆனாலும் பழைய திறந்த சந்தை திரும்பி வரவில்லை.

அமைச்சக அறிவிப்பால் திறந்த கதவு, அமைச்சக அறிவிப்பால் மூடப்பட்டது. நாளை கூட்டணி மாறினால் விதி இன்னொரு முறை மாறலாம். ‘அனுமதி’ என்று நம் பிள்ளைகள் நம்பும் தரை அவ்வளவு உறுதியானது!

சுற்றுலாப் பயணி அறியாத விதிகள்

கடைகள் தாராளமாக இருந்த காலத்திலும் பொது இடத்தில் கஞ்சா புகைப்பது குற்றமாகவே இருந்தது. பிறருக்குத் தொல்லை தரும் புகை என்ற வகையில் மூன்று மாதம் வரை சிறை, 25,000 பாட் வரை அபராதம் விதிக்கலாம். போதை தரும் டிஹெச்சி என்ற வேதிப்பொருள் 0.2 சதவீதத்துக்கு மேல் உள்ள கஞ்சாச் சாறும் எண்ணெயும் 2022-லும் போதைப்பொருள் பட்டியலில்தான் நீடித்தன. மின்சிகரெட்டை நாட்டுக்குள் கொண்டுவர அங்கே தடை இருக்கிறது. ஆக, கஞ்சா எண்ணெய் நிரப்பிய மின்சிகரெட்டுடன் பிடிபடுபவர் ஒன்றுக்கு இரண்டாகச் சிக்கலில் மாட்டுகிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதியின்றிக் கஞ்சாவை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வது தாய்லாந்துச் சட்டப்படியே குற்றம். கடைக்காரர் தந்த ரசீது விமான நிலையத்தில் செல்லாது.

‘பாதுகாப்பானது’ என்ற பேச்சு

சட்டம் அனுமதிப்பதும் உடம்பு தாங்குவதும் ஒன்றல்ல. இன்று விற்கப்படும் கஞ்சா, மண்ணில்லாமல் ஊட்டநீரில், செயற்கை விளக்கொளியில் வளர்க்கப்படுகிறது. ஹைட்ரோபோனிக் கஞ்சா என்று செய்திகளில் வருவது இதுதான். இதில் போதைச் சத்து, பழைய நாட்டுக் கஞ்சாவைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கக்கூடும்.

பிஸ்கட், கேக், மிட்டாய் வடிவில் சாப்பிடுவது இன்னும் ஆபத்தானது. புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும் போதை, சாப்பிட்டால் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்துத்தான் ஏறும். “ஒன்றும் ஆகவில்லையே” என்று இன்னொரு துண்டைத் தின்பவர் பிறகு நெஞ்சுப் படபடப்பும், வாந்தியும், இனம்புரியாத பயமும் தாக்கி மருத்துவமனைக்குப் போகிறார். குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கும், வளரும் வயதில் உள்ளவர்களுக்கும் இது மூளைக் கோளாறைத் தூண்டக்கூடியது என்பது மருத்துவர்கள் தொடர்ந்து தரும் எச்சரிக்கை. இந்த நிலையில் வாடகை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புக்கெட்டின் மலைப்பாதையில் இறங்குபவரின் கதி என்ன? போதையில் நடந்த விபத்துக்குப் பயணக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது.

குடும்பத்தோடு செல்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். உணவுப் பட்டியலிலோ பொட்டலத்திலோ ஐந்து, ஏழு இதழ் கொண்ட பச்சை இலைப் படம் இருந்தால் அதைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். புக்கெட்டில் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள். பள்ளிவாசல்களும் அவற்றை ஒட்டி ஹலால் உணவகங்களும் உண்டு. அவற்றைத் தேடிச் செல்வது கடினமல்ல.

எல்லையைத் தாண்டியதும்

அங்கே அனுபவித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. சிங்கப்பூரில் குடியுரிமையோ நிரந்தர வாசமோ பெற்றவர் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும், சிங்கப்பூரிலேயே உட்கொண்டதாகக் கருதி அந்நாட்டுச் சட்டம் தண்டிக்கும். பத்தாண்டு வரை சிறையும் 20,000 வெள்ளி வரை அபராதமும் விதிக்க வழியுண்டு. அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரலில் 46 வயதுத் தமிழர் ஒருவர் அங்கே தூக்கிலிடப்பட்டார். வழக்கில் இருந்த கஞ்சாவின் எடை 1,017.9 கிராம். அவர் அதைக் கையில் வைத்திருந்ததாக வழக்கு இல்லை. தொலைபேசி வழியாகக் கடத்தலுக்கு உடந்தையாக இருந்தார் என்பதே குற்றச்சாட்டு.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். கஞ்சாவின் தடயம் சிறுநீரில் சில நாட்கள் முதல், அடிக்கடி பயன்படுத்துபவருக்குப் பல வாரங்கள் வரை தங்கும். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் பரிசோதனையில் அந்தத் தடயம் தெரிவதே வழக்குக்குப் போதுமானதாகிவிடலாம். விடுமுறையைப் புக்கெட்டில் கழித்துவிட்டு துபாயில் வேலைக்குத் திரும்புபவர், தன் உடம்பிலேயே சாட்சியைச் சுமந்து செல்கிறார்.

குருவிகள்

நம்மை மிகவும் கவலைகொள்ள வைப்பது இதுதான். சென்னை, திருச்சி, கோவை, கொச்சி, பெங்களூரு விமான நிலையங்களில் பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளிடம் ஹைட்ரோபோனிக் கஞ்சா பிடிபட்ட செய்திகள் தொடர்ந்து வருகின்றன. பிஸ்கட், நூடுல்ஸ், சாக்லேட் பொட்டலங்களுக்குள் காற்றுப் புகாமல் அடைத்து அனுப்புகிறார்கள். சுங்கத்துறை கிலோவுக்குச் சுமார் ஒரு கோடி ரூபாய் என்று மதிப்பிடும் சரக்கு இது. சுமந்து வருபவருக்குக் கிடைப்பதோ போக வர டிக்கெட், நான்கு நாள் ஹோட்டல் தங்கல், கையில் சில ஆயிரங்கள்.

‘குருவி’ என்ற சொல் நம் கடற்கரை ஊர்களுக்குப் புதிதல்ல. துணிமணி, மின்சாதனம், பிறகு தங்கம் என்று பொருள் மாறிக்கொண்டே வந்தது. அதைத் தவறாகவே கருதாத மனநிலை ஒன்று நம்மிடையே வளர்ந்துவிட்டது. பிடிபட்டால் வரியும் அபராதமும் கட்டலாம் என்ற பழைய கணக்கில்தான் இன்றைய இளைஞரும் பெட்டியை வாங்குகிறார். அது கஞ்சாவுக்குப் பொருந்தாது.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, ஒரு கிலோ வரையிலான கஞ்சாவுக்கு ஓராண்டு வரை சிறை. ஒரு கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள் இருந்தால் பத்தாண்டு வரை கடுங்காவல். அதற்கும் மேலே போனால் பத்தாண்டுக்குக் குறையாத, இருபதாண்டு வரையிலான தண்டனை. ஜாமீன் கிடைப்பதே அரிது. “பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது” என்பவர், தனக்குத் தெரியாது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தானே நிரூபிக்க வேண்டும். மற்றக் குற்ற வழக்குகளில் நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின் மீது இருக்கும். இங்கே அது பிடிபட்டவரின் தலையில் விழுகிறது.

இது நம் நாட்டோடு நிற்கவில்லை. 2025 மே மாதம் பாங்காக்கிலிருந்து கொழும்புக்கு வந்த 21 வயது பிரிட்டிஷ் பெண்ணின் பெட்டிகளில் 46 கிலோ கஞ்சா இருந்ததாகச் சொல்லிக் கைது செய்தார்கள். தன் பெட்டியில் அது இருந்ததே தெரியாது என்று அவர் கூறினார். எந்த நாட்டிலும் வலையில் விழுவது சுமப்பவர்தான். அனுப்பியவரும் வாங்குபவரும் விமான நிலையத்துக்கு வருவதேயில்லை.

மார்க்கம் சொல்வது

கஞ்சா நம் ஃபிக்ஹ் நூல்களுக்குப் புதிய விஷயமல்ல. மாலிக்கி மத்ஹபின் இமாம் கராஃபீ (வஃபாத் ஹிஜ்ரி 684) இது மதுவைப் போன்ற போதையா, அறிவைக் கெடுக்கும் வேறு வகைப் பொருளா என்று நுணுக்கமாக ஆய்ந்தார். ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷீ (வஃபாத் ஹிஜ்ரி 794) இதற்கென்றே தனி நூல் எழுதினார். இப்னு தைமிய்யா மதுவுக்குரிய தண்டனையே இதற்கும் உரியது என்றார். தண்டனையிலும், அந்தப் பொருள் நஜீஸா இல்லையா என்பதிலும் அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. போதைக்காக உட்கொள்வது ஹராம் என்பதில் வேறுபாடு இல்லை.

அந்தத் தடைக்கான காரணம், அல்லாஹ் தந்த அறிவு மழுங்குவது. அந்தக் காரணம் புக்கெட்டுக்குப் போனாலும் மாறாது. அரசாணை வந்தாலும் மாறாது. மதுக்கடையும் சட்டப்படிதான் நடக்கிறது. அதனால் மது நமக்கு ஆகுமானதாகிவிட்டதா?

அதே வேளையில் மருத்துவத் தேவையை நாம் இதோடு குழப்பக்கூடாது. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சிபிடி என்ற பொருளைக் கொண்ட மருந்து, குழந்தைகளின் சில கடுமையான வலிப்பு நோய்களுக்காக 2018-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் 2020 டிசம்பரில், 27-க்கு 25 என்ற வாக்குகளில், கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. நிர்ப்பந்தம் ஏற்படும்போது, நம்பகமான மருத்துவரின் ஆலோசனையில், தேவையான அளவு என்ற நிபந்தனைகளோடு உலமாக்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள். நோயாளியின் தேவையைக் காட்டிக் கேளிக்கைக்கு வாசல் திறப்பதைத்தான் மறுக்கிறோம். தாய்லாந்து மூன்றாண்டுகள் கழித்து மருந்துச் சீட்டுக்குத் திரும்பியது, ஏறத்தாழ அதே கோட்டை நோக்கித்தான்.

நாம் செய்ய வேண்டியது

பயணம் செல்லும் பிள்ளையிடம் பெற்றோர் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். பெட்டியை அவரே அடுக்கி, அவரே பூட்ட வேண்டும். யார் தந்தாலும், மூடிய பொட்டலத்தை “ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிடு” என்றால் வாங்கக்கூடாது. வேலையில்லாத பிள்ளைக்கு யாரோ இலவசமாகத் தாய்லாந்து டிக்கெட் எடுத்துத் தருகிறார் என்றால், “யார் அவர், எதற்காக?” என்று அத்தாவும் உம்மாவும் அன்றே விசாரிக்க வேண்டும்.

மஹல்லா ஜமாஅத்துகள் ஜும்ஆ மேடையில் வட்டியையும் வரதட்சணையையும் கண்டிப்பதுபோல் இதையும் பேச வேண்டும். பழக்கத்துக்கு அடிமையான பிள்ளையை மறைப்பதால் அவன் திருந்துவதில்லை. சிறிய அளவோடு பிடிபட்டவர் அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெற அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு வழி தருகிறது. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. அழைக்கக் கட்டணம் இல்லை.

யாரேனும் கைதாகிவிட்டால், குடும்பத்தை ஒதுக்குவது நம் வேலையல்ல. காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் எதுவானாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தர வேண்டும். அங்கே அழைத்துச் செல்லும் அளவுக்காவது ஒவ்வொரு ஜமாஅத்திலும் இரண்டு பேர் விவரம் தெரிந்தவர்களாக இருக்கட்டும். பெட்டியைத் தந்தவன் யார் என்று துணிந்து சொல்ல அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் தைரியம் வரும்.

நம் பிள்ளைகளின் அறிவையும் உழைப்பையும் வாழ்வையும் அல்லாஹ் பாதுகாப்பானாக!