கதவடைத்த தீர்ப்பு

தோழா!

ஓவியத்தின் தகுதியைக் காலம் கணிக்கும் என்பர். ஆனால், காலம் கண் திறக்குமுன் கதவை அடைத்துவிடும் கூட்டம் ஒன்றுண்டு. அதற்குப் பெயர் நடுவர் குழு!

1863ஆம் ஆண்டின் பாரிசைப் பார். 'சலோன்' என்ற பெயரில் அரசின் ஆதரவோடு நடந்தது மாபெரும் ஓவியக் கண்காட்சி. அங்கே இடம் கிடைத்தால் பெயர். பெயர் கிடைத்தால் விற்பனை. விற்பனை நடந்தால்தான் ஓவியன் வீட்டு அடுப்பிலே நெருப்பு! இடம் மறுக்கப்பட்டாலோ, வாங்க வந்தவனும் வந்த வழியே திரும்புவான்.

நடுவர் யார்? பெரும்பாலோர் கலைக்கழகத்தார், பழைய பாணியிலே பட்டமும் பதவியும் பெற்றவர்கள். தம்மைப்போல் தீட்டியவனைத் தழுவினர். தன் கண்ணால் கண்டு தீட்டியவனைத் தள்ளினர். அவ்வாண்டு வந்து குவிந்த படைப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை தள்ளப்பட்டன!

குமுறல் எழுந்தது. பேரரசன் மூன்றாம் நெப்போலியன் செவிக்கும் எட்டியது. தள்ளப்பட்டவற்றையும் காட்டுங்கள், மக்களே முடிவு செய்யட்டும் என ஆணையிட்டான்.

மக்கள் வந்தனர். மானே தீட்டிய 'புல்வெளியில் பகலுணவு' கண்டு பலர் நகைத்தனர்!

"பார்த்தாயா, நடுவர் தீர்ப்பே சரி" என்பாயோ? நில், தோழா! நகைத்தவனும் கண்டுதான் நகைத்தான். கண்டவர்களில் ஒருவன் சிரிப்பான், இன்னொருவன் சிந்திப்பான். கதவடைத்தவனோ இருவர் கண்களையும் சேர்த்தல்லவா கட்டுகிறான்!

அவ்வாண்டு சலோனில் போற்றப்பட்டது கபனேலின் 'வீனஸ் பிறப்பு'. பேரரசனே அதை வாங்கினான். போற்றப்பட்ட அந்த ஓவியமும், தூற்றப்பட்ட மானேயின் ஓவியமும் இன்று பாரிசின் ஆர்சே அருங்காட்சியகத்தில், ஒரே கூரையின்கீழ்! அன்று தள்ளப்பட்டோரில் பிசாரோவும் செசானும் உண்டு. அவர்கள் 1874இல் தோழர்களோடு கூடி, நடுவர் குழு இல்லாமலே கண்காட்சி கண்டனர். 1884இல் பாரிசில் தோன்றிய சுயேச்சை ஓவியர் சங்கமோ, நடுவரும் வேண்டாம், பரிசும் வேண்டாம் என்றே முழங்கியது.

தேர்வே கூடாது என்பதல்ல என் வாதம். சுவர் சிறிது, படங்கள் பல. தேர்வு தேவைதான். ஆனால், தேர்வோரை ஓவியர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஆண்டுதோறும் அவர்கள் மாறட்டும். தள்ளியதற்குக் காரணத்தை எழுதித் தரட்டும். தள்ளப்பட்டவையும் மக்கள் காண ஓரிடம் பெறட்டும். தீர்ப்பில் நேர்மையிருந்தால், காரணம் கூற நடுக்கம் ஏன்?

அடுத்த கண்காட்சிக்கு நீ செல்லும்போது, சுவரிலே தொங்குவதைப் பார்த்து மகிழ். ஆனால், தொங்காதவை எவை, தொங்கவிடாதவர் எவர் என்றும் கேள். கேட்கும் உரிமை, காணும் கண் படைத்த அனைவர்க்கும் உண்டு!