பிடித்த ஐந்து அல்பங்களும் அவற்றில் இல்லாத குரலும்

2000 தொடக்கம் 2009 வரையான பத்தாண்டில் வெளிவந்த இஸ்லாமிய கீத அல்பங்களுள் உனக்குப் பிடித்தவை எவை என்று யாரும் கேட்டால், நான் அதிகம் யோசிக்க மாட்டேன். ஐந்தைச் சொல்வேன். அவற்றுள் முதலாவது வெளிவந்தபோது நான் பிறக்கவே இல்லை. வாப்பா கட்டாரில் வேலை செய்த நாட்களில் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்த இறுவட்டுகள் அவை. ராத்தா அவற்றைத் தேயத் தேயப் போட்டுக் கேட்டாள். பிறகு எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி என்னிடம் தந்துவிட்டுக் கலியாணம் முடித்துப் போய்விட்டாள். ராத்தாவுக்கு வளவும் வீடும், எனக்கு இந்தப் பென் டிரைவ். நான் குறை சொல்லவில்லை.

குறை வேறொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் பிடித்ததை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் மனக்குறை பொறாமை போலத் தெரியும்.

முதலாவது, ஸாமி யூஸுபின் 'அல் முஅல்லிம்'. 2003இல் வந்தது. தெஹ்ரானில் பிறந்து, லண்டனில் வளர்ந்த, அஸர்பைஜான் வம்சாவளி இளைஞர் ஒருவர் தன் இருபத்திச் சொச்ச வயதில் பாடியது. மொத்தம் 8 பாடல்கள்தாம். அதற்கு முன்னர் எங்கள் ஊர்களில் கேட்ட கீதங்களில் பாடகரின் பக்தி தெரியும்; ஆனால் ஒலிப்பதிவு பெரும்பாலும் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போலிருக்கும். இதில் ஒவ்வொரு மூச்சும் கேட்கிறது. தலைப்புப் பாடலின் காணொளியில் அவர் ஒரு புகைப்படக் கலைஞராக வருவார். தாயின் கையை முத்தமிட்டுவிட்டு வேலைக்குப் புறப்படுவார். தொப்பியும் ஜுப்பாவும் இல்லாத ஒரு சாதாரண இளைஞன் நபி (ஸல்) அவர்களைப் பற்றிப் பாடலாம் என்பதை ராத்தாவின் வயதினர் முதன்முதலில் கண்டது அதில்தானாம். எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் வரும் துஆ. கருவிகள் எல்லாம் ஒதுங்கிவிடக் குரல் மட்டும் நிற்கும். பரீட்சைக்கு முந்திய இரவுகளில் அதை மட்டும் கேட்பேன்.

இரண்டாவதும் அவருடையதே: 2005இல் வந்த 'மை உம்மா'. உம்மத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லைச் சின்ன வயதில் நான் என் உம்மா என்றே விளங்கிக்கொண்டேன். அதில் தாயைப் பற்றியும் ஒரு பாட்டு இருந்தபடியால் என் விளக்கம் நீண்ட காலம் பிழைத்திருந்தது. இந்த அல்பம் இரண்டு வடிவங்களில் வந்தது. ஒன்று இசைக்கருவிகளோடு, மற்றையது தாளக்கருவியும் குரலும் மாத்திரம். கருவி கூடுமா கூடாதா என்ற விவாதம் நம் வீடுகளில் எவ்வளவு சூடானது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வாப்பாவிடம் முதலாவது இருந்தது, பெரிய மாமாவிடம் இரண்டாவது. பெருநாளுக்கு மாமா வீட்டுக்கு வந்தால் இறுவட்டு மாறும், பாட்டு மாறாது.

'ஹஸ்பீ ரப்பீ' அந்த அல்பத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலம், துருக்கி, அரபு, உருது கலந்த ஹிந்தி என நான்கு மொழிகளில் பாடியிருக்கிறார். காணொளியும் லண்டன், இஸ்தான்புல், கெய்ரோ என்று போகும், தாஜ்மஹாலுக்கும் வரும். தாஜ்மஹால் வரை வந்த பாட்டு இன்னும் கொஞ்சம் தெற்கே வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

மூன்றாவதைப் பற்றி நான் அதிகம் பேசுவேன், ஏனென்றால் அதை விரும்புகிறவர்கள் எங்கள் வகுப்பில் குறைவு. தென்னாபிரிக்காவின் ஸெய்ன் பிஃகா 2005இல் வெளியிட்ட 'மவுன்டன்ஸ் ஒஃப் மக்கா'. பிரிட்டோரியாவில் பிறந்தவர். தந்திக்கருவியோ ஊதுகருவியோ பாவிப்பதில்லை. தாளமும் மனிதக் குரலும்தான். அப்படியென்றால் பாட்டு வெறுமையாக இருக்க வேண்டுமே? இல்லை. கருவி நிற்க வேண்டிய இடத்தில் அவர் தன் குரலையே நிறுத்துகிறார். கீழே ஒரு குரல் முனகிக்கொண்டே போகும், அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேலே சொற்கள். ஹெட்செட்டில் ஒரு காதை மட்டும் திறந்து கேட்டுப்பாருங்கள், எத்தனை அடுக்கு என்று விளங்கும். தலைப்புப் பாடலில் மக்காவின் மலைகளைப் பார்த்து நீங்கள் எதையெல்லாம் கண்டீர்கள் என்று கேட்கிறார். ஸீறாவை எத்தனையோ பேச்சுப் போட்டிகளுக்கு நான் பாடமாக்கியிருக்கிறேன். அந்தச் சம்பவங்கள் நடந்தபோது அங்கே மலைகளும் நின்றுகொண்டிருந்தன என்பது அந்தப் பாட்டைக் கேட்கும் வரை எனக்குத் தோன்றவில்லை.

இவருக்கு ஒரு விசித்திரமான துரதிர்ஷ்டமும் உண்டு. அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லச் சொல்லும் இவருடைய பாடல் ஒன்று மைக்கல் ஜாக்சன் பாடியது என்ற பெயரில் உலகம் முழுக்கச் சுற்றியது. ராத்தாவின் பென் டிரைவிலும் அது மைக்கல் ஜாக்சன் என்றே கிடந்தது. நான்தான் பெயரை மாற்றினேன்.

நான்காவது, யூஸுப் இஸ்லாத்தின் 'அன் அதர் கப்', 2006. கற் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் உலகப் புகழோடு இருந்தவர் 1977இல் இஸ்லாத்தை ஏற்று, 1978இல் கடைசி அல்பத்தைக் கொடுத்துவிட்டு, கிற்றார்களை நல்ல காரியத்துக்காக விற்றுவிட்டு ஒதுங்கிய கதையை அஹதிய்யாவில் எல்லோரும் கேட்டிருப்போம். லண்டனில் 1983இல் பாடசாலை ஆரம்பித்ததையும் சொல்வார்கள். கதையின் மற்றப் பாதியை மட்டும் சொல்லமாட்டார்கள். மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த கிற்றாரை ஒருநாள் மீண்டும் கையில் எடுத்தார். 28 வருடங்களுக்குப் பின் இந்த அல்பத்தை வெளியிட்டார். மெட்டுகளை வைத்துப் பார்த்தால் ஐந்தில் இது நான்காம் இடம்தான். ஆனால் ஒரு மனிதன் கூடாது என்று விட்டதைப் பல வருடம் சிந்தித்து, கூடும் என்ற முடிவுக்கு வந்து, அந்த முடிவை ஒளிக்காமல் உலகத்தின் முன் வைத்திருக்கிறார். அவரோடு உடன்படாதவர்களும் அந்த நேர்மைக்காக ஒருமுறை கேட்கலாம்.

அமெரிக்காவின் நேட்டிவ் டீன் குழுவை ஏன் சேர்க்கவில்லை என்று என் சிநேகிதி கோபிக்கிறாள். மூன்று பேரும் நன்றாகத்தான் பாடுகிறார்கள். எனக்கு ரெப் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாவது எல்லோருக்கும் தெரிந்தது. மாஹிர் ஸெய்னின் 'தேங்க் யூ அல்லாஹ்', 2009 நவம்பர். லெபனானில் பிறந்து எட்டு வயதில் சுவீடனுக்குப் போனவர். நியூயோர்க்கில் லேடி காகாவின் பாடல்களைத் தயாரித்த ரெட்வனோடு வேலை செய்தவர். அந்த உலகத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்து இதைப் பாடினார். 'இன்ஷா அல்லாஹ்' பாட்டைக் கேட்டு அழாத பிள்ளை எங்கள் விடுதியில் இல்லை. அந்தப் பாட்டை அவர் பிரெஞ்சிலும் அரபிலும் துருக்கியிலும் மலாயிலும் பாடியிருக்கிறார். மலேசியாவில் இந்த அல்பம் அமோகமாக விற்றது. கேட்கிறவர்கள் இருந்தால் மொழி வரும் என்பது அதிலே தெரிகிறது.

இனி அந்த மனக்குறை. நான் தரம் ஒன்பதில் இருந்தபோது எங்கள் பக்கத்தில் ஒரு மீலாத் விழா நடந்தது. இடத்தைச் சொல்லப்போவதில்லை. எட்டு மாணவிகள் தமிழில் ஒரு கஸீதாவை மூன்று கிழமையாகப் பழகினோம். சொற்கள் ஒரு டீச்சர் எழுதியவை. விழாவுக்கு முதல்நாள், பாட வேண்டாம், பெண் பிள்ளைகளின் குரல் வெளியே போனால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று முடிவாகிவிட்டது. நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டபடியால் எங்களை மேடையில் ஏற்றத்தான் வேண்டும். ஆகவே மாஹிர் ஸெய்னின் பாட்டு ஒலிபெருக்கியில் போனது. நாங்கள் எட்டுப் பேரும் வெள்ளைப் பர்தாவோடு வரிசையில் நின்று, கையில் கடதாசிப் பூவோடு இடமும் வலமும் அசைந்தோம். எனக்கு மனப்பாடமான பாட்டு, நான் நேசிக்கும் பாட்டு. அன்று அது முடிந்தால் போதும் என்றிருந்தது.

பெண்ணின் குரல் அவ்ரத்தா இல்லையா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்துவைக்க உயர்தரம் படிக்கும் நான் யார்? என் கேள்வி அதைவிடச் சிறியது. அன்று அதே மேடையில், அதே ஒலிவாங்கியில், ஒரு மாணவி கிராஅத் ஓதினாள். இன்னொருத்தி பத்து நிமிடம் பேச்சு நிகழ்த்திக் கேடயம் வாங்கினாள். அவர்களின் குரலுக்கு இருந்த அனுமதி எங்கள் எட்டுப் பேரின் கஸீதாவுக்கு ஏன் இல்லாமற் போனது? அதிதிகள் நாலு பேர் இருந்ததுதான் காரணம் என்றால், அவர்கள் வருமுன் உம்மாமாருக்கு முன்னால் பாடவிட்டிருக்கலாமே. மார்க்கத்துக்குப் பயந்து எடுத்த முடிவென்றால் எனக்கு மனம் ஆறியிருக்கும். அது மனிதர்களின் வாய்க்குப் பயந்து எடுத்த முடிவு. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் எழுதுகிறேன்.

அன்றிரவு பென் டிரைவைக் கணினியில் போட்டு ஐந்து அல்பங்களின் அட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன். ஐந்திலும் ஆண்களின் பெயர். ஒன்றிலும் தமிழ் இல்லை. அவர்கள் மேல் என்ன பிழை? அவரவர் குரலில், அவரவருக்குத் தெரிந்த மொழியில் பாடினார்கள். எங்கள் மொழிக்கு எங்களைத் தவிர யார் வருவார்கள்? நாகூர் ஹனிபாவின் குரலை ஏன் மறந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். மறக்கவில்லை. ஸஹருக்கு எழும்பும் வீடுகளில் அந்தக் குரலுக்கு ஈடில்லை. ஆனால் அவர் வாப்பாவின் வாப்பாவுடைய காலத்தவர். அவருக்குப் பிறகு எங்கள் மேடைகளுக்கு வந்த தமிழ்க் கீதங்களில் பலவும் சினிமா மெட்டில் நபிபெருமானாரின் பெயரைப் பொருத்தியவை. முதல் வரி தொடங்கியதும் சபையில் ஒரு சிரிப்பு ஓடும், எந்தப் படம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளைகள் மாஹிர் ஸெய்னிடம் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

சொந்த மெட்டு நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது. கீழக்கரையில் ஆசியா உம்மா ஞானப் பாடல்களைத் தமிழில் பாடி வைத்திருக்கிறார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கிழக்கிலங்கையில் நம் பெண்கள் வயலிலும் தறியிலும் தொட்டிலடியிலும் கவி பாடினார்கள். அந்த நாலடிக் கவிகளைப் புத்தகங்களில் தொகுத்திருக்கிறார்கள்; பரீட்சைக்கு நாம் நயமும் எழுதுகிறோம். அவற்றை எப்படி இழுத்துப் பாடுவது என்று எங்கள் வகுப்பில் கேட்டேன். முப்பத்திரண்டு பேரில் இருவருக்குத் தெரிந்தது.

என் மூத்தம்மா மருதமுனையில் தறி நெய்தவர். 2009இல் சாச்சா தன் நொக்கியா போனில் அவர் பாடியதைப் பதிந்து வைத்திருந்தார். அதுவும் ராத்தாவின் பென் டிரைவில், பெயரில்லாத ஒரு கோப்பாகக் கிடந்தது. நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். கடல் கடந்து போன மகனைப் பற்றிய கவிகள், இடையிடையே ஸலவாத்து. கருவி எதுவுமில்லை. தறியின் சத்தம்தான் தாளம். ஸெய்ன் பிஃகா கேட்டால் சந்தோஷப்படுவார். மூத்தம்மா மௌத்தாகி ஆறு வருடமாகிறது; அந்தக் குரலைக் கேட்டால் உம்மா எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவார்.

கோப்பின் திகதி 2009 என்றுதான் காட்டுகிறது. பத்தாண்டுக் கணக்குக்குள் வருகிறபடியால் அதை ஆறாவதாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

இம்முறை மீலாத் நிகழ்ச்சிக்கு அந்த மெட்டில் புதிய சொற்கள் எழுதிப் பாட நாங்கள் ஐந்து பேர் எங்கள் டீச்சரிடம் கேட்டிருக்கிறோம். உம்மாமாரும் மாணவிகளும் மட்டும் இருக்கும் காலை நிகழ்ச்சியில் பாடலாம் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முதல் மூத்தம்மாவின் கவிகளை அப்படியே எழுதி வைக்க உட்கார்ந்தோம். இரண்டு இடங்களில் தறிச்சத்தம் சொல்லை விழுங்கிவிட்டது. பத்துத் தடவை கேட்டும் பிடிபடவில்லை. மூத்தம்மாவோடு சேர்ந்து நெய்த ஒருவர் இன்னும் மருதமுனையில் இருக்கிறாராம், காது கொஞ்சம் மந்தமாம். வருகிற போயா லீவுக்கு ஹெட்செட்டையும் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.