சிதைந்ததா, சிதைத்ததா?

மும்பையில் மழைக்காலம் தொடங்கியதும் திலக் நகர், செம்பூர், குர்லா பகுதித் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் இரண்டு சொற்கள் தலைகாட்டும்: எலிக்காய்ச்சல், மஞ்சள் காமாலை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், வெள்ளம் வடிந்தபின் எலிக்காய்ச்சல் பரவியதையும் இந்நகரம் மறக்கவில்லை.

எலிக்காய்ச்சல் என்னும் பெயர் நோய் வரும் வழியைச் சுட்டுகிறது. காமாலையோ நிறத்தைச் சுட்டுவதோடு நின்றுவிடுகிறது. கண் மஞ்சளாவதற்குக் கல்லீரல் பழுது, பித்தநாள அடைப்பு, சிவப்பணுக்கள் அளவு மீறி உடைதல் என மூன்று காரணங்கள் இருக்கலாம். எலிக்காய்ச்சலில் பெரும்பாலும் முதலாவதுதான். மூன்றாவதற்கு அன்றாடத் தமிழில் தனிப்பெயரே இல்லை. பெயரற்ற ஒன்றை, கீழாநெல்லி கைக்கெட்டும் தொலைவில் இருக்கையில், யார் தேடுவார்?

பேச்சுமொழியை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. ஆய்வகத்தின் மொழியும் இதே பிழையைச் செய்கிறது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்னும் பாக்டீரியா பித்தப்பையிலிருந்தோ, கல்லீரல் சீழ்க்கட்டியிலிருந்தோ, கருப்பையிலிருந்தோ இரத்தத்தில் புகுந்தால், அதன் ஆல்ஃபா நச்சு சிவப்பணுக்களின் கொழுப்புச் சவ்வையே அறுக்கிறது. அந்நச்சு ஒரு நொதி என்பதை மாக்ஃபார்லேனும் நைட்டும் 1941இலேயே காட்டினர். ஏறத்தாழ 120 நாள் வாழவேண்டிய அணுக்கள் சில மணி நேரத்தில் கூட்டம் கூட்டமாக உடைகின்றன. இந்நிலையை எட்டியவர்களுள் பெரும்பாலோர் பிழைப்பதில்லை.

அவ்வேளையில் எடுக்கப்படும் இரத்தத்தின் தெளிநீர் வைக்கோல் நிறத்தில் இராமல் செந்நிறமாக இருக்கும். ஆய்வகமோ வழக்கம்போல் 'மாதிரி சிதைந்துள்ளது, மீண்டும் அனுப்புக' என்று எழுதி அனுப்பிவிடுகிறது. பெரும்பாலான நாள்களில் அது சரியே. மெல்லிய ஊசியும், விசையோடு இழுத்த கையும், குலுக்கிய குழாயும் அணுக்களை உடைக்கக்கூடியவை. ஆனால் 'சிதைந்தது' தன்வினை, 'சிதைத்தது' பிறவினை. முன்னதைச் சொல்லும்போது செய்தவர் யார் என்னும் கேள்வியே எழுவதில்லை. ஊசியா, கிருமியா? இலக்கணம் தரும் இந்தச் சலுகைக்கு நோயாளி விலை கொடுக்கிறார்.

'மருத்துவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா?' என்று கேட்கலாம். தெரியும். எனினும் அந்த அறிவு பேராசிரியரிடம் இருக்க, அந்தச் சொற்றொடர் நள்ளிரவில் பணியிலிருப்பவரிடம் இருக்கிறது. கவனமாக எடுத்த இரண்டாம் மாதிரியும் சிவந்திருந்தால் அது திருப்பி அனுப்பத்தக்க மாதிரியன்று. உடனே தொலைபேசியில் அறிவிக்கவேண்டிய முடிவு. அப்போது தேடவேண்டிய பிற சான்றுகளும் அருகிலேயே உள்ளன: மணிக்கு மணி சரியும் ஹீமோகுளோபின், இரத்தப் பூச்சில் தெரியும் சிறு உருண்டை அணுக்கள், பட்டைச் சோதனையில் இரத்தம் காட்டியும் நுண்ணோக்கியில் சிவப்பணு தென்படாத சிறுநீர். பெனிசிலினும் கிளிண்டமைசினும் வளர்சோதனையின் முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. நோய்த்தொற்றின் ஊற்றை அறுவையால் அகற்றுவதும் அவ்வாறே.

குடும்பத்தாரிடம் கேட்கும் கேள்வியையும் மாற்றலாம். 'சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா?' என்றால் காய்ச்சல்காரர் எவரும் ஆம் என்பார். 'பால் சேர்க்காத தேநீர் நிறத்திலா?' என்று கேட்டால் திலக் நகரில் எந்தப் பாட்டியும் தயங்காமல் விடை சொல்வார்.