முதலில் கிரவுனைப் பாருங்கள்



இந்த இதழின் அட்டையில் நிற்பது 1970-களின் ஷெவ்ரலே சி10 பிக்கப். பானெட்டுக்குள் இருப்பது 350 கன அங்குல வி8, நம் கணக்கில் 5.7 லிட்டர். பந்தயத்துக்கு இல்லாமல், தினமும் ரோட்டில் ஓட்டுவதற்கு இப்படி ஒரு என்ஜினைக் கட்ட எந்தெந்தப் பாகங்களை வாங்கலாம் என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். படங்களும் அளவுகளும் கட்டுரையில் இருக்கின்றன. எனக்கு முக்கியமாகத் தோன்றுவதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எட் கோல் தலைமையில் உருவாகி 1955-இல் 265 கன அங்குலத்தோடு வெளிவந்தது ஷெவ்ரலேயின் 'ஸ்மால் பிளாக்'. 1967-இல் கமாரோ காரில் அது 350 ஆக வளர்ந்தது: போர் 4 அங்குலம், ஸ்ட்ரோக் 3.48 அங்குலம். பல பத்தாண்டுகளாக அடிப்படை வடிவம் மாறாததால், அமெரிக்காவில் இந்த என்ஜினுக்குக் கிடைக்காத உதிரிபாகமே இல்லை எனலாம். அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. கேட்லாக்கைப் புரட்டினால் ஒவ்வொரு பக்கத்திலும் குதிரைத்திறன் கூடிக்கொண்டே போகும். ஒன்றுக்கொன்று பொருந்தாத பெரிய பாகங்களை வாங்கிச் சேர்த்துவிட்டால், கம்பெனி என்ஜினைவிடச் சோம்பலான வண்டிதான் மிஞ்சும்.

ஆகவே பாகங்களுக்கு முன்னால் வண்டியைப் பாருங்கள். சி10 ஏறத்தாழ 1,800 கிலோ. பின்னால் 28 அங்குல டயர், பின் அச்சில் 3.08 விகிதக் கிரவுன் பல்சக்கரம், ஓவர்டிரைவ் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது என்ஜின் சுற்றுவது சுமார் 2,300 ஆர்.பி.எம். ஊருக்குள் அதற்கும் கீழே. இந்த என்ஜினின் வாழ்நாளில் பெரும்பகுதி 1,500-க்கும் 3,000-க்கும் இடையில்தான் கழியப்போகிறது. 6,500-இல் பொங்குகிற சக்தியை வைத்துக்கொண்டு சிக்னலில் என்ன செய்வது?

கேம்ஷாஃப்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஐடிலில் என்ஜின் திமிறித் திமிறித் துடிக்கும் அந்தச் சத்தத்தின் மயக்கம் எனக்குப் புரிகிறது; எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரிய கேம், வால்வுகளை அதிக நேரம் திறந்தே வைக்கிறது. இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால், மெதுவாகச் சுற்றும்போது பிஸ்டன் மேலேறுகையில் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். அழுத்தம் குறையும், இழுவை குறையும். கூடவே மேனிஃபோல்டில் வெற்றிடமும் குறையும். பவர் பிரேக் வேலை செய்வது அந்த வெற்றிடத்தை நம்பித்தான். இவ்வளவு கனமான வண்டியில் பிரேக் மிதி கல்லாக இறுகுவது விளையாட்டல்ல. 0.050 அங்குலத் தூக்கலில் அளந்தால் வால்வு திறந்திருக்கும் அளவு 210 முதல் 218 டிகிரி வரை உள்ள கேம் இந்த வண்டிக்குப் போதும். 230-ஐத் தாண்டினால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் டார்க் கன்வெர்ட்டரையும் கிரவுனையும் மாற்றியாக வேண்டும்; செலவு அங்கேயும் நிற்காது.

சிலிண்டர் ஹெட்டைப் பொறுத்தவரை என் ஓட்டு, 1996 முதல் ஷெவ்ரலே பிக்கப்களில் வந்த வோர்டெக் இரும்பு ஹெட்டுக்கு. விலைக்கு மேல் காற்றோட்டம் தரும் ஹெட் அது. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பழைய இன்டேக் மேனிஃபோல்டுக்கு 12 போல்ட், இதற்கு 8. பழையது இதில் உட்காராது. வால்வுத் தூக்கல் ஏறத்தாழ 0.470 அங்குலத்தைத் தாண்டினால், ஸ்பிரிங்கைப் பிடிக்கும் மூடி கீழே உள்ள சீலில் இடிக்கும். கேம் வாங்கும் முன்பே இதைக் கணக்கில் வையுங்கள்.

கார்புரேட்டருக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 350-ஐ 5,500 ஆர்.பி.எம்-ஆல் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு 557 கன அடி காற்று. சிலிண்டர் முழுமையாக நிரம்பினால்கூட அவ்வளவுதான். 600 தாராளம். 750-ஐ மாட்டினால், குறைந்த வேகத்தில் காற்றின் இழுப்பு தளர்ந்து, ஆக்சிலேட்டரை மிதித்ததும் என்ஜின் திக்கும்.

மிச்சமாகும் பணத்தை லேத் பட்டறைக்குக் கொடுங்கள். போரை நேராக்குவதும், கிராங்க்கைச் சமன் செய்வதும், மேலே வந்த பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே 0.040 அங்குல இடைவெளி வருமாறு பிளாக்கின் மேல்தளத்தைச் சீவுவதும் வெளியே தெரியாத வேலைகள். பம்பில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 9 அல்லது 9.5-க்கு 1 என்ற கம்ப்ரஷனை நாக்கிங் இல்லாமல் தாங்கவைப்பது இந்த வேலைகள்தான். பளபளக்கும் வால்வு கவர் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். ரோலர் இல்லாத பழைய வகை டேப்பெட் போடுகிறவர்கள் துத்தநாகச் சேர்க்கை உள்ள ஆயிலையே ஊற்றுங்கள். புது என்ஜினை முதல் முறை கிளப்பியதும் ஐடிலில் விடாமல், 2,000-க்கு மேல் சுமார் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் கேமின் மேடுகள் தேய்ந்து, இரும்புத் தூள் ஆயிலோடு பேரிங்குகளுக்குள் போய்விடும்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. 1976-ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தியதுமான பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே புகைப் பரிசோதனை உண்டு. அந்த மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் எண் இருக்கிறதா என்று பார்த்துப் பாகத்தை வாங்குங்கள்.

உங்கள் வண்டியின் எடை, டயர் உயரம், கிரவுன் விகிதம், கியர்பாக்ஸ் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கு ஏற்ற கேம்களைப் பற்றி எழுதுகிறோம். அதுவரை பணத்தை எடுக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்