காலண்டர் முருகனும் பொம்மையா?

"ஏழு கழுதை வயசாகுது, இன்னும் பொம்மைப்படமா?" சிவகாசியில் ஜப்பான் அனிமே பார்க்கிறவனுக்கு இந்த வசவு மனப்பாடம். கேபிள் டிவியில் நான் போக்கிமான் பார்த்த காலத்தில் செல்லமாகச் சொன்னார்கள். கல்லூரி விடுமுறையில் நருட்டோ பார்த்தபோது முகம் சுளித்தார்கள். பிள்ளைகுட்டிக்காரனான பிறகு ஏதோ சீக்கு வந்தவனை விசாரிப்பதுபோல விசாரிக்கிறார்கள்.

வேறு ஊர்க்காரர் சொன்னால் போகட்டும் என்று விடலாம். வரைந்த படத்தை அச்சடித்துச் சோறு தின்ற ஊர் சொல்வதுதான் பொறுக்கவில்லை. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் தீட்டிய முருகனையும் லட்சுமியையும் காலண்டராக்கி நாடெங்கும் அனுப்பியவை நம் அச்சகங்கள். அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, பொட்டு வைத்து, தினமும் கும்பிடுகிறோம். அதைப் பொம்மை என்று எந்தப் பெரியவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஓவியம் சும்மா இருந்தால் சூடம் காட்டுவோம், அசைந்தால் பால்வாடிக்கு அனுப்பிவிடுவோமா?

அசையும் ஓவியம் குழந்தைகளுக்குத்தான் என்ற இந்த நினைப்பால் வரும் கேடு கொஞ்சமல்ல. ஷின்சான் என்ற சித்திரக்கதை 1990இல் ஜப்பானில் தொடங்கியது பெரியவர்களுக்கான ஒரு வாரப் பத்திரிகையில். கார்ட்டூன்தானே என்று 2006இல் இங்கே ஹங்காமா டிவியில் குழந்தைகளுக்குப் போட்டார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற கூப்பாட்டில் 2008இல் மத்திய அரசு நிறுத்தியது. பிறகு வெட்டிக் கொத்தி மறுபடி வந்தது. கொண்டுவந்தவரும் கூப்பாடு போட்டவரும் ஒரே மூடநம்பிக்கையின் இரண்டு பக்தர்கள்.

2017இல் வந்த ஒரு அனிமே படத்தில், வாணவெடியைப் பக்கவாட்டில் பார்த்தால் உருண்டையா தட்டையா என்று பையன்கள் பந்தயம் கட்டுவார்கள். பட்டாசு ஊர்க்காரனான எனக்குச் சிரிப்புதான் வந்தது. குண்டுக்குள் மருந்து உருண்டைகளை எப்படி அடுக்குகிறோமோ அப்படித்தான் வானத்தில் விரியும் என்பது நம் பட்டறைப் பிள்ளைகளுக்கே தெரியும்.

ஆனால் இயக்குநர் இசாவோ தகஹாடாவின் 'மின்மினிகளின் கல்லறை' (1988) சிரிக்க விடாது. 1945இல் ஒகயாமா மீது குண்டுமழை பெய்தபோது ஒன்பது வயதில் உயிர்தப்பியவர் அவர். தீக்குண்டில் கருகி, உடம்பு முழுக்கக் கட்டோடு கிடக்கும் தாயை அதில் காட்டுகிறார்; தங்கையிடம் அதைச் சொல்லாமல் மறைக்கிறான் அண்ணன். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நாற்பது பேர் அளவில் மாண்டதை அறிந்தவர்கள், தீக்காய வார்டு வாசலில் ஒருமுறையாவது நின்றவர்கள், இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து பொம்மைப்படம் என்று சொல்லட்டும்.

2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ் பேசிக்கொண்டே தியேட்டருக்கு வந்தது. தலைகள் உருளும் படம். மதுரையில் என் பக்கத்து இருக்கைக்கு, நாலு வயதுகூட நிரம்பாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. "கார்ட்டூன்தான சார்" என்றார் அப்பா. இடைவேளைக்கு முன்பே பிள்ளை அலறத் தொடங்கியது. எழுந்து போகும்போது அவர் முறைத்தது திரையை அல்ல, என்னை.